வரைபடத்தில் வெள்ளை

போனை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குளிக்கப் போனோமா, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனோமா என்பதுதான் பூபதிக்குப் பிடிபடவில்லை. காலையில் மோட்டல் குளியலறையிலிருந்து துண்டோடு வெளியே வந்தபோது கட்டிலை ஒட்டிய மேசையில் போன் கவிழ்ந்து கிடந்தது, அது நிச்சயம். எடுத்துத் திருப்பிப் பார்த்தால் மோட்டல் வைஃபையில் ஊரிலிருந்து தனபாலின் செய்தி வந்திருந்தது, அதுவும் நிச்சயம். அதற்கு முந்தின ஒரு நொடிதான், போன் கையை விட்டு மேசைக்குப் போன அந்த ஒரு நொடிதான், எத்தனை முறை இழுத்தாலும் வரமாட்டேன் என்கிறது. ஆபீசில் கவிழ்த்து வைக்கிற பழக்கம் உண்டு. வீட்டில் கிடையாது. மோட்டல் என்பது ஆபீசா, வீடா. காரின் முன்கண்ணாடி வழியே நிமிர்ந்து பார்த்தான். நூறடிக்கு அப்பால் அம்மா மடக்கு நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பெருந்துறை தெய்வாத்தாள், வயது எழுபத்திரண்டு, சேலைக்கு மேல் மருமகளின் நீலக் கம்பளிக் கோட்டு, காலில் பேத்தியின் கேன்வாஸ் ஷூ. அவளுக்கு முன்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளைத் தரை, பாளம் பாளமாக வெடித்து, ஒரு புல் இல்லை, ஒரு பூச்சி இல்லை. ஒரேகன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் எப்போதோ வற்றிப்போன ஏரி இது, ஆல்வோர்ட் பாலைவனம் என்று பெயர். கார் கடிகாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு ஐம்பத்திரண்டு. பன்னிரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் கவுந்தப்பாடியில் திங்கட்கிழமை விடிகாலை ஐந்து இருபத்திரண்டு. அங்கே வாசலில் பந்தலுக்கு அடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னம்மா படுத்திருக்கிறாள். அம்மாவின் ஒரே தங்கை, மயிலாத்தாள். செத்து இரண்டு நாள் ஆகிறது. அம்மாவுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அவன் இரண்டு நாளாக நானூறு மைலுக்கு மேல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னம்மாவின் மகன் தனபால் கூப்பிட்டான். "அம்மா போயிருச்சுங்ணா. காப்பி வெக்க எந்திரிச்சது, அப்படியே உழுந்துருச்சு" என்றான். அழவில்லை, ஆச்சரியப்பட்டவன் மாதிரி பேசினான். "பெரியம்மா வர்றதுன்னா சொல்லுங்ணா, திங்கக்கெழம வெரைக்கும் வெச்சிருக்கறோம்." அவன் குடியிருக்கிற பீவர்ட்டன் வீட்டின் அடுக்களையில் அம்மா பேத்திக்கு ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பூபதி சொன்னான், அம்மாகிட்டச் சொல்லிட்டேன் தனபாலு, நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு இன்னும் வருசமாகல, இத்தன தூரம் பறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, நீங்க காத்திருக்க வேண்டாம், எடுத்துருங்க. எந்த டாக்டரையும் அவன் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன் என்ற பொய்யும் டாக்டர் சொன்னார் என்ற பொய்யும் ஒரே மூச்சில், யோசிக்காமல், முன்பே மனப்பாடம் செய்து வைத்தது போல வந்தன.  தனபால், "இல்லைங்ணா, எதுக்கும் திங்கக்கெழம காலையிலயே எடுக்கறோம். பெரியம்மா மனசு மாறி வந்தாலும் வந்துருவாங்க. அம்மா இருந்திருந்தா அப்படித்தான் சொல்லியிருக்கும்" என்றான். ரேணுகாவிடம் மட்டும் அன்றைக்கு இரவே சொன்னான். "சொல்லிடுங்க. அவங்க தங்கச்சிங்க. நம்ம தங்கச்சி இல்ல" என்றாள் ரேணுகா. பொண்டாட்டிக்கு எல்லாம் சுலபம். மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் யாரைக் கேட்பார்கள், பெற்ற மகனைத்தான் கேட்பார்கள். அம்மா ஊருக்குப் போனதும் சொல்லிக்கொள்ளலாம், புறப்பட இன்னும் பதினொரு நாள்தானே என்றான். பதினொரு நாள் தினமும் இங்கே ராத்திரி ஏழு மணிக்கு, அங்கே காலை ஏழரைக்கு, அக்காளும் தங்கையும் போனில் பேசிக்கொள்வார்களே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்றாள் ரேணுகா. அப்போதுதான் அந்தப் பட்டியல் ஞாபகத்துக்கு வந்தது.

அமெரிக்காவில் கூட்டம் போகாத, பலருக்கும் தெரியாத இடங்கள் என்று யாரோ ஒரு ஊர்சுற்றி இணையத்தில் எழுதி வைத்த பட்டியல். எப்போதாவது தனியாகப் போகலாம் என்று மூன்று வருடமாகச் சேமித்து வைத்திருந்தான். இன்னொரு பக்கத்தில் போன் கம்பெனியின் வரைபடத்தைத் திறந்தான். டவர் எட்டுகிற இடமெல்லாம் ரோஸ் நிறம். எட்டாத இடம் வெள்ளை. மேற்கே கடலோரமெல்லாம் ரோஸ் அப்பிக் கிடந்தது, கிழக்கே போகப் போக ரோஸ் நூலாக இளைத்து, தென்கிழக்கு மூலையில் ஒரு பெரிய வெள்ளை. பட்டியலில் இருந்ததும் அந்த வெள்ளையில் இருந்ததும் ஒத்துப்போன இடங்களை மட்டும் குறித்துக்கொண்டான். மனுசன் அழகைப் பார்த்து ஊருக்குப் போவான், தண்ணீரைப் பார்த்துப் போவான், டவர் இல்லாததைப் பார்த்து ஊர் தேர்ந்தெடுத்தவன் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அப்போதே தோன்றியது, தோன்றியதைத் தள்ளிவிட்டான். மற்ற இடங்களுக்குப் போக முடியாது. மல்ட்னோமா அருவிக்குப் போனால் கார் கதவைத் திறக்கும்போதே புளிச்சோறு வாசம் வரும். கிரேட்டர் ஏரிக்குப் போனால் திண்டல்காரர், சென்னிமலைக்காரர், யாராவது ஒருவர் தொப்பியோடு நிற்பார். கொங்கு நட்பு வட்டத்தின் வாட்ஸ்அப்பில் சனிக்கிழமை காலையிலேயே சின்னம்மா படம் வந்துவிட்டது. அம்மா, கேள்விப்பட்டோங்க, என்று கையைப் பிடித்துக்கொண்டுவிடுவார்கள். அப்படிக் கையைப் பிடிக்க ஆள் இல்லாத இடம் வேண்டும். அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்படும் முன்பே அவள் போனை வாங்கி, சிம் வேலை செய்யலம்மா, ஆபீஸ்ல காட்டி வாங்கிட்டு வர்றேன் என்று தன் பைக்குள் போட்டுக்கொண்டான். செரி சாமி, என்றாள். மகன் கம்ப்யூட்டர்க்காரன், அவன் சொன்னால் வேலை செய்யாது.

அப்புறம் இன்னொன்றும் இருந்தது, அதை ரேணுகாவிடம் சொல்லவில்லை. அம்மாவின் அழுகையை அவனால் கேட்க முடியாது. அப்பா செத்தபோது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்ததே, அதைக் கேட்க முடியாமல் மாடிக்கு ஓடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றவன் அவன். பீவர்ட்டன் அபார்ட்மெண்டில் மாடி கிடையாது. சுவர் அட்டை மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி நல்லவள்தான், ஆனால் அப்படி ஒரு சத்தம் கேட்டால் போலீசைக் கூப்பிட்டுவிடுவாள், போலீஸ்காரன் வாசலில் நின்று எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்பான். இந்த நாட்டில் நம்மாள் வாய்விட்டு அழ ஒரு இடம் கிடையாது. அதனால் ஆள் அரவமில்லாத இடத்தில் வைத்துச் சொல்லிவிடலாம் என்றும் ஒரு எண்ணம் இருக்கத்தான் செய்தது. இருந்ததா. இப்போது நினைத்துக்கொள்கிறானா. இதோ அந்த இடம். எவ்வளவு உரக்க அழுதாலும் கேட்க ஒரு குருவிகூட இல்லை. சொல்ல வேண்டியதுதானே. கதவைத் திறந்து இறங்கி நூறடி நடந்து, அம்மா என்று கூப்பிட்டு. கை கதவுப்பிடி வரைக்கும் போனது. மேற்கே ஸ்டீன்ஸ் மலை சுவராக நின்றது, அதன் உச்சிக்கு ஒரு கை மேலே சூரியன். மலையின் நிழல் அடிவாரத்தை விட்டு வெள்ளைத் தரைமேல் இறங்கத் தொடங்கியிருந்தது. கையை எடுத்துக்கொண்டான்.

தனபால் அனுப்பிய செய்தி மூன்று வரி. ஏழு மணிக்கு எடுக்கிறோம், ஏழரைக்கு ராகுகாலம். ஆறே முக்காலுக்குப் பெரியம்மாவை வீடியோவில் வரச் சொல்லுங்ணா, மூஞ்சியைக் காட்டறோம். கீழே கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதில் சின்னம்மா, யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள், மூக்குத்தி பளபளவென்று. போஸ்டர் பெரியது. போன் நிமிர்ந்து கிடந்திருந்தால் திரையில் முதலில் தெரிவது அதுதான். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் அவள்தான் எதுவும் கேட்கவில்லையே. அவன் குளித்துவிட்டு வந்தபோது ஜன்னலுக்கு அருகில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பிறகு குளிக்கப் போனாள், தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக் கூந்தலோடு வந்தாள். நேற்று ராத்திரிதானே குளிச்ச, இந்தக் குளிர்ல எதுக்கும்மா தலைக்கு, என்றான். "வேத்துப்போச்சு சாமி." ஹீட்டரைக் கூட்டி வைத்திருந்தான், அதனால் வேர்த்திருக்கும். டிக்கியில் மின்சாரக் குக்கரும் பொன்னி அரிசிப் பையும் எப்போதும் உண்டு, அமெரிக்காவின் எந்த மூலைக்குப் போனாலும் அம்மா காலையில் சோறு வடித்து டப்பாவில் போட்டுக்கொள்ளாமல் புறப்படமாட்டாள். இன்றைக்கு அரிசிப் பை கட்டில்மேல் திறந்து கிடந்தது, குக்கர் பையை விட்டு வெளியே வரவில்லை. "வேண்டாஞ்சாமி. நீ கடையில எதாச்சும் தின்னுக்க. எனக்குப் பசிக்கல." நேற்றைக்கு மலைப்பாதை, வயிறு புரட்டியிருக்கும். புறப்படும்போது மோட்டல் நடத்துகிற குஜராத்தி அம்மா சாவியை வாங்கிக்கொண்டே, "உங்க அம்மா காலையில வெளியில தனியா நின்னாங்க. அழுத மாதிரி இருந்துச்சு. உடம்பு நல்லாருக்கா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். "ஊர் ஞாபகம்" என்றான். குளிர்காற்றில் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையிலேயே இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் அவனுக்குத் தைரியமில்லை.

நேற்று இப்படி இல்லை. நேற்று நன்றாக இருந்தாள். மிட்செல் என்ற ஊருக்குப் பக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகக் கோடு விழுந்த குன்றுகளுக்குப் போனார்கள், அதுவும் பட்டியலில் உள்ளதுதான், மொத்தம் நாலே கார் நின்றது. அம்மா வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "மஞ்சக் காயப்போட்ட களமாட்டம் இருக்குது பாரு. மயிலாளுக்கு ஒரு போட்டோ அனுப்பு தம்பி, வாயப் பொளப்பா." அவன் போட்டோ எடுத்தான். போனைத் தட்டித் தடவிவிட்டு, அனுப்பிச்சுட்டேம்மா என்றான். "பாத்துட்டாளா?" "அங்க ராத்திரிம்மா, தூங்குவாங்க." தூங்குவாங்க என்று சொன்ன வாயை என்ன செய்யலாம். அம்மா சிரித்துக்கொண்டே, எந்திரிச்சதும் பாப்பா, என்றாள். இன்றைக்குக் காலையிலிருந்து எத்தனையோ இடம் வந்தது, கூட்டமாகக் குதிரைகள் நின்றன, சாம்பல் நிறத்தில் ஒரு கழுகு வேலியில் உட்கார்ந்திருந்தது. ஒன்றைக்கூட மயிலாளுக்கு அனுப்பச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை அவன் இப்போதுதான் நினைக்கிறான். சும்மா இருக்கும். களைப்பாக இருக்கும்.

அவனுக்கும்தானே செய்தார்கள். அதைச் சொன்னால் யாரும் வாயைத் திறக்க முடியாது. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே சின்னம்மாதான் போன் போட்டாள். "அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது சாமி. ஆஸ்பத்திரில வெச்சிருக்கறோம். பயப்படாத, பொறப்பட்டு வா." அப்பா அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டார். அவன் அதை நம்பிக்கொண்டு பிராங்க்ஃபர்ட்டில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து கோயமுத்தூரில் நுரையீரலுக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று தெரிந்தவர்களையெல்லாம் எழுப்பிக் கேட்டான். கேட்கப்பட்ட ஒவ்வொருவனுக்கும் விசயம் தெரியும், ஒவ்வொருவனும் ஒரு டாக்டர் பெயர் சொன்னான். அங்கேயே கழுத்துக்கு வைக்கிற மெத்து ஒன்று வாங்கினான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவுக்கு இதமாக இருக்கும் என்று. தானே மாட்டிப் பார்த்தான், நன்றாகத்தான் இருந்தது. பெருந்துறைத் தெருமுனையில் கார் மெதுவானபோது பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் தெரிந்தன, யாருக்கோ என்னவோ என்று நினைத்தான், நாற்காலியிலிருந்து எழுந்த முகமெல்லாம் சொந்தக்கார முகமாக இருந்தது. கழுத்தில் மெத்தோடே இறங்கினான். அத்தனை பேர் பார்க்க, அதோடே நடந்து போய் அப்பா தலைமாட்டில் நின்றான். சின்னம்மாதான் எழுந்து வந்து அதைக் கழுத்திலிருந்து கழற்றினாள். அந்தப் பொய்யை அவன் மன்னிக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஊருக்குப் போனபோதெல்லாம் கவுந்தப்பாடிக்கு ஒரு மணி நேரம் போய் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவான். சொல்லுகிற நேரத்தில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் எவன் இருக்கிறான். தெரிந்தேதான் செய்தான். அவனுக்குச் செய்தது தப்பென்றால் இதுவும் தப்பு, இது சரியென்றால் சின்னம்மா செய்ததும் சரி. இரண்டில் எதைப் பிடித்தாலும் கை சுட்டது.

ஐந்து இருபத்தைந்துக்கு அம்மா நாற்காலியை விட்டு எழுந்து கார் பக்கம் வந்தாள். கண்ணாடியை இறக்கினான். குளிர்காற்று உள்ளே வந்தது, கூடவே சோடா உப்பு மாதிரி ஒரு வாசம்.

"தம்பி, வர்ற வழியில பெட்ரோல் போட்டமே, அந்தக் கடைக்கு இங்கிருந்து எத்தன நேரம் ஆவும்?"

"முக்கா மணி நேரம் ஆகும்மா. மண்ரோடு."

"இப்பக் கெளம்புனா ஆறேகாலுக்குள்ள போயர்லாமா?"

பூபதி ஸ்டீயரிங்கைப் பார்த்தான். அந்தக் கடையின் கதவில் வைஃபை உண்டு என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். அங்கே வைத்தும் அம்மா கேட்டாள், இங்க போன் எடுக்குமா என்று. எடுக்காதும்மா என்று சொல்லிவிட்டான்.

"ஏம்மா, பசிக்குதா?"

"இல்ல. சும்மாதான் கேட்டேன்."

"சூரியன் எறங்கறதப் பாத்துட்டுப் போலாம்மா. அதுக்குத்தான இத்தன தூரம் வந்தது."

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. ரேஷன் கடைக்காரன் இன்றைக்கு இல்லை, நாளைக்கு வா என்றால் பார்ப்பாளே, அந்த மாதிரி பார்த்தாள். "செரி" என்றாள். திரும்பி நடந்தாள். நடக்கும்போது வலது கை கோட்டுக்குள் இடுப்பைப் பிடித்திருந்தது. இடுப்புவலி, நேற்றிலிருந்து உட்கார்ந்தே வருகிறாள். மாத்திரை போட்டாளா. வெறும் வயிற்றில் போடக் கூடாதே. ஆறேகால் என்றாளே. ஆறு என்று கேட்கலாம், ஆறரை என்று கேட்கலாம். ஆறேகால் என்று எதற்குக் கேட்பார்கள்.

ஐந்து முப்பது தாண்டியது. முப்பத்தைந்து. இனிமேல் கிளம்பினாலும் ஆறேகாலுக்குள், அங்கே ஆறே முக்காலுக்குள், போய்ச் சேர முடியாது என்று கணக்குப் போட்டதும் உடம்பு தளர்ந்தது, அவன் அதை நிம்மதி என்றுதான் நினைத்தான். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்துக்குத்தான் இரண்டு நாளாக வந்துகொண்டிருந்தான், வந்து சேர்ந்துவிட்டான். ஆனால் நிம்மதி என்றால் மூச்சு சீராக வர வேண்டும். வரவில்லை. மலையின் நிழல் அம்மாவுக்கு முன்னால் எங்கோ போய்க்கொண்டிருந்தது, அவள் ஏற்கெனவே நிழலுக்குள் இருந்தாள், தூரத்து வெள்ளை மட்டும் வெயிலில் எரிந்தது. சின்னம்மா கழுத்திலிருந்து மெத்தைக் கழற்றினாளே, அதற்கு அடுத்து என்ன நடந்தது. ஏழு வருடமாக ஞாபகம் அந்த இடத்தில் நின்றுவிடும், அவமானத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் அவன் போனதில்லை. மெத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அப்புறம் குனிந்து பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். உள்ளே குளிர், வெளியே சித்திரை வெயில், கண்ணாடி நிமிசத்துக்கு நிமிசம் பனி பூத்துக்கொண்டே இருந்தது. துடைத்துவிட்டு, "பாரு சாமி, நல்லாப் பாரு" என்றாள். அவளுடைய முந்தானை தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. ஒரு தடவை துடைத்தால் அப்படி நனையாது. பெரியப்பா யாரோ அப்போது சொன்னார், இவ ரெண்டு நாளா எந்திரிக்கலப்பா, எடுக்கலாம்னு சொன்னவங்ககிட்டயெல்லாம் சண்டைக்கு வந்துட்டா, பையன் வந்து மூஞ்சி பாக்காம ஒருத்தரும் தொடக் கூடாதுன்னுட்டா. சொன்னார். காதில் விழுந்தது. விழுந்ததை எங்கே போட்டான். பொய் சொன்ன வாயை மட்டும் ஏழு வருடம் பத்திரமாக வைத்திருந்தவன், துடைத்த கையைத் தூக்கி எங்கே எறிந்தான். அவனுக்காக இரண்டு நாள் காத்திருந்தவளுக்கு அவன் சொன்ன வார்த்தை, காத்திருக்க வேண்டாம், எடுத்துருங்க. பூபதிக்கு வாயில் உப்புக் கரித்தது. அழுகிறோம் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்போது சொல்லிவிடலாம். இன்னும் ஒரு அரை மணி நேரம் இருக்கிறது. மூஞ்சியைக் காட்ட முடியாது, ஆனால் எடுக்கிற நேரத்திலாவது தெரிந்து அழுவாள். இல்லை, தெரியாமலே இருக்கட்டும், எடுத்த பிறகு சொன்னால் தவிப்பு குறையும், பார்க்கலாமே என்ற தவிப்பு இருக்காது. இல்லை, நெஞ்சு, நூற்றிருபது மைலுக்கு ஆஸ்பத்திரி இல்லை, இங்கே ஏதாவது ஆனால் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணக்கூட வழியில்லை. அது இப்போதுதான் உறைத்தது. அம்மா நெஞ்சுக்கு ஆகாது என்று மறைத்தவன், ஏதாவது ஆனால் கூப்பிட வழியில்லாத இடமாகப் பார்த்துக் கூட்டி வந்திருக்கிறான். ஆறு பத்து. அங்கே இந்நேரம் தனபால் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். ஆறு பதினைந்து. வீடியோ அழைப்பு எங்கோ கிளம்பி, கடல் தாண்டி, ரோஸ் நிறம் முடிகிற ஓரம் வரைக்கும் வந்து, வெள்ளைக்குள் நுழைய முடியாமல் நிற்கும். போனை எடுத்துப் பார்த்தான். ஒரு கோடுகூட இல்லை. கவிழ்த்து வைத்தான். கவிழ்த்து வைத்ததும் காலையின் அந்த நொடி சடாரென்று வந்தது. போனில் பாட்டு வைத்துவிட்டு, சத்தம் நன்றாக வரட்டும் என்று நிமிர்த்தி, நன்றாக நிமிர்த்தித்தான் வைத்துவிட்டுப் போனான்.

வெளியே அம்மா எழுந்துவிட்டிருந்தாள். குனிந்து ஷூவைக் கழற்றினாள், ஒன்று, இன்னொன்று, நாற்காலிக்கு அடியில் ஜோடியாக வைத்தாள். வெறுங்காலோடு வெள்ளைத் தரையில் நடந்தாள். பூபதி கதவைச் சாத்தாமலே இறங்கி ஓடினான். தரை பொருக்கு உடைந்து காலடியில் நொறுங்கியது. பின்னால் அவன் வருவது தெரிந்தும் அவள் திரும்பவில்லை. ஒரு இடத்தில் நின்றாள்.

"மணி ஆறரை ஆச்சா?"

"ஆச்சும்மா."

கோட்டை விலக்கி இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இழுத்தாள். நுனியில் ஒரு முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே பச்சரிசிக்குப் பதிலாக ஒரு பிடி பொன்னி அரிசி. காலையிலிருந்து அவள் இடுப்பில் இருந்தது. தெற்கு எது என்று அவனைக் கேட்கவில்லை, மலையை வைத்துத் தானே பார்த்துத் திரும்பிக்கொண்டாள். குனிந்து, ஒருத்தியின் வாய்க்குப் போடுவது போலத் தரைக்கு வெகு அருகில் கையைக் கொண்டுபோய், கொஞ்சம் போட்டாள். இன்னும் கொஞ்சம். மூன்றாவது முறை போடும்போது, "மயிலா, போய்ட்டு வா" என்றாள். அவ்வளவுதான். அவன் பயந்துகொண்டிருந்த சத்தம் வரவில்லை. அது வந்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

"நீயும் போடு" என்று மீதியை அவன் முன்னால் நீட்டினாள்.

"அம்மா."

"நீ குளிச்சுட்டு வந்து சொல்லுவீன்னு பாத்தேன். வண்டி ஏறுனதும் சொல்லுவீன்னு பாத்தேன். கடையில நிறுத்துனப்பச் சொல்லுவீன்னு பாத்தேன். கடசீல நானே வந்து கேட்டேன். அப்பவும் சொல்லல."

"உன்ற நெஞ்சுக்கு ஆகாதுன்னுதாம்மா."

"என்ற நெஞ்சு காலையிலிருந்து உங்கூடத்தான வண்டியில வந்துச்சு. நின்னா போச்சு?"

அவன் கையை நீட்டினான். அரிசி சூடாக இருந்தது. குனிந்து போட்டான், வெள்ளைத் தரையில் விழுந்த அரிசி அடுத்த கணமே தெரியவில்லை. அம்மா போட்டதும் தெரியவில்லை. எங்கே போட்டாள் என்று தேடினான், அதற்கு என்ன தேவை என்று தெரியாமலே மண்டியிட்டுத் தேடினான். அம்மா நாற்காலியை மடக்கிக்கொண்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, காருக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

முக்கால் மணி நேர மண்ரோட்டைத் தாண்டிப் பெட்ரோல் போட்ட கடைக்கு வந்தார்கள். கடை அடைத்திருந்தது, வாசல் விளக்கு மட்டும் எரிந்தது. வண்டியை நிறுத்தினான். வைஃபை கதவுக்கு வெளியிலும் எட்டியது, போன் அவன் தொடையில் துடித்துக்கொண்டே இருந்தது. தனபாலிடமிருந்து பதினான்கு வீடியோ அழைப்புகள். முதலாவது ஆறு பதினைந்துக்கு, கடைசி ஆறு ஐம்பதுக்கு. அதற்குக் கீழே ஒரு செய்தி, ஒரு படம்.

"என்ன போட்டிருக்கறான்? படி" என்றாள் அம்மா.

அவன் படித்தான். "பெரியம்மா எப்படியும் வந்துருவாங்கன்னு ஏழு இருபது வெரைக்கும் வெச்சிருந்தோம்ணா. அதுக்கு மேல ராகுகாலம்னு எடுத்துட்டோம். மூஞ்சி போட்டோ அனுப்பியிருக்கறேன், காட்டுங்க."

அம்மா கையை நீட்டினாள். கொடுத்தான். மடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள். முந்தானையின் நுனியை எடுத்தாள், முடிச்சின் சுருக்கம் இன்னும் அதில் இருந்தது. போனின் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.